நடு டிபரன்ஷலுக்குப் பின்னாளில் பூட்டு வைத்தல்: இரண்டாம் டிஸ்கவரியும் வடமராட்சி கிழக்கு மணலும்

2024 ஓகஸ்ட் 11, காலை: வாசகர் ஒருவரின் கூற்று

"லாண்ட் ரோவர் டிஸ்கவரியின் இரண்டாம் தலைமுறையான இரண்டாம் டிஸ்கவரியில் நான்கு சில்லுகளையும் தனித்தனியே கவனிக்கும் மின்னணு இழுவைக் கட்டுப்பாடு இருக்கிறது. அது இருப்பதனால்தான் நடு டிபரன்ஷல் பூட்டின் லீவரைத் தொழிற்சாலையே நீக்கியது. அப்படியிருக்க, நம்மூரில் சிலர் பழைய லீவரைத் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்துவது வீண் செலவு. மணலில் புதைவது வாகனத்தின் குறையன்று, ஓட்டுபவரின் குறை. மறுப்பவர்கள் காரணம் காட்டி எழுதட்டும்."

2024 ஓகஸ்ட் 11, இரவு

காரணம் காட்டி எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2000ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இரண்டாம் டிஸ்கவரி. ஐந்து சிலிண்டர், 2.5 லீற்றர் டீசல், கையால் மாற்றும் கியர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சி கிழக்கில், செம்பியன்பற்றுப் பக்கம் எங்களுக்குத் தென்னங்காணி உண்டு. தார் வீதியை விட்டு இறங்கினால் காணி வரைக்கும் மணல்தான். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் அந்த மணல் காய்ந்து பொருபொருத்துப் போய், நடப்பவரின் காலையே கணுக்கால் வரை வாங்கும்.

டிபரன்ஷல் என்பது இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பல்லுச் சக்கரக் கூட்டம். அது தன்னிடம் வரும் முறுக்கு விசையை இரு பக்கத்துக்கும் சமமாகவே பிரிக்கும். எந்தப் பக்கம் குறைவாகத் தாங்குகிறதோ, அந்த அளவுக்கு மேல் மறுபக்கத்துக்கும் கொடாது. எந்நேரமும் நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனத்தில் இத்தகைய டிபரன்ஷல்கள் மூன்று: முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று, அவ்விரண்டுக்கும் நடுவே, கியர்பெட்டியின் விசையை இரு அச்சுகளுக்கும் அனுப்பும் ரான்ஸ்பர் பெட்டிக்குள் ஒன்று. மூன்றும் திறந்திருக்கும்போது, முன் சில்லு ஒன்று 50 நியூட்டன் மீற்றரை மட்டுமே தாங்கும் இடத்தில் நின்றால், மற்ற மூன்றுக்கும் கிடைப்பது அதே 50தான், மொத்தம் 200. பின் சில்லுகள் இரண்டும் இறுகிய தரையில் நின்றாலும் அந்தப் பிடிமானம் பயன்படாமலே கிடக்கும். நடு டிபரன்ஷலைப் பூட்டி, முன் பின் வெளியீடுகளை ஒன்றாகவே சுழல வைத்துவிட்டால் முன் அச்சு அந்த 100 உடன் நிற்க, பின் அச்சோ தரை இடங்கொடுக்கும் அளவுக்கு இழுக்கும்.

இழுவைக் கட்டுப்பாடு இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. சுழலும் சில்லை உணர்ந்து, அதற்கு மட்டும் பிரேக் பிடித்து, மற்றவற்றுக்கு விசை போகச் செய்கிறது. நல்ல பொறிமுறைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சில்லு சுழன்ற பிறகுதான் அது விழிக்கும். பாறையிலும் ஈரப் புல்லிலும் அந்தக் கணநேரத் தாமதத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. காய்ந்த மணலில் சில்லு ஒரு சுற்றுச் சும்மா சுழன்றாலே தனக்கென ஒரு குழியைத் தோண்டிவிடும்; பிறகு வரும் விசையெல்லாம் அந்தக் குழியிலிருந்து ஏறுவதற்கே செலவாகும். பூட்டு, சுழற்சி தொடங்கு முன்னரே அதைத் தடுத்து வைக்கிறது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

2024 ஓகஸ்ட் 12

தொழிற்சாலை லீவரை நீக்கியது என்பது சரி. பூட்டை நீக்கியது என்று அதிலிருந்து கொள்வது சரியன்று. 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரிலேயே லாண்ட் ரோவர் நிறுவனம் நிரந்தர நான்கு சில்லு இயக்கத்தோடு பூட்டக்கூடிய நடு டிபரன்ஷலையும் சேர்த்தே கொடுத்தது. அதே நிறுவனத்தின் பழைய டிபெண்டரில் அந்த லீவர் கடைசி வரை இருந்தது. 1998 இறுதியில் வந்த இரண்டாம் டிஸ்கவரியில்தான் லீவரையும் அதன் இணைப்புத் தண்டுகளையும் விட்டுவிட்டார்கள். ஆயினும் உள்ளேயிருந்த எல்.ரி.230 ரான்ஸ்பர் பெட்டியில் பூட்டின் பாகங்கள் அப்படியே இருந்தன. ஏறத்தாழ 2001 அளவில்தான் உள் பாகங்களும் நீங்கின. 2004ஆம் ஆண்டு மாதிரியில் லீவரோடு கூடிய பூட்டு திரும்பி வந்தது. இழுவைக் கட்டுப்பாடு போதும் என்று தொழிற்சாலை உறுதியாக நம்பியிருந்தால், அதே வாகனத்தின் இறுதிக் காலத்தில் அதைத் திரும்பக் கொண்டுவந்திருக்க மாட்டாது.

2024 ஓகஸ்ட் 18

தங்கள் வாகனத்தில் உள் பாகம் இருக்கிறதா என்று எப்படி அறிவது எனக் கேட்டிருக்கிறார்கள். வாகனத்தின் கீழே படுத்து, ரான்ஸ்பர் பெட்டியின் முன் பக்க வெளியீட்டு உறையின் மேற்பகுதியைப் பாருங்கள். முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான முன் புரொப்பெல்லர் சாஃப்ட் எங்கிருந்து புறப்படுகிறதோ அதுதான் அந்த உறை. பூட்டு உள்ள பெட்டியில் அங்கே மேல்நோக்கி ஒரு சிறு குமிழ்த் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரு பக்கமும் தட்டையாக வெட்டப்பட்டு 10 மில்லிமீற்றர் ஸ்பானர் பிடிக்கும்படி இருக்கும். அந்தத் தண்டைத் திருப்பினால் உள்ளே ஒரு கவை அசைந்து, முன் வெளியீட்டுத் தண்டின் பற்களில் ஏறியிருக்கும் வளையம் ஒன்றை நகர்த்தி, டிபரன்ஷலின் கூட்டோடு கோத்துவிடும். ஒரு பக்கப் பல்லுச் சக்கரம் கூட்டோடு சேர்ந்துவிட்டால் மறுபக்கம் தனியே திரும்ப வழியில்லை. பூட்டு என்பது இவ்வளவுதான். உராய்வுத் தட்டோ, மின்சாரமோ, காலப்போக்கில் தேயும் பசையோ எதுவும் இதில் கிடையாது.

அந்த இடத்தில் குமிழ் இல்லாமல் வெறும் மூடியோ மொட்டையான உறையோ இருந்தால், உள்ளேயும் பாகங்கள் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது வேலை பெரிதாகும். முதலாம் டிஸ்கவரியிலிருந்தோ 2004 மாதிரியிலிருந்தோ முன் வெளியீட்டு உறையை, அதற்குள் இருக்கும் தண்டு, வளையம், கவை எல்லாவற்றோடும் முழுமையாக எடுத்து மாற்ற வேண்டும். தனித்தனியாகப் பாகம் சேர்த்துக் கட்டுவதைவிட முழு உறையாக வாங்குவதே நல்லது.

ஆண்டை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள். இருபது ஆண்டு தாண்டிய வாகனங்களில் பெட்டியே எங்கோ ஒரு கையில் மாறியிருக்கலாம். கீழே படுத்துப் பார்ப்பதற்கு ஈடான பதிவுப் புத்தகம் எதுவும் இல்லை.

2024 ஓகஸ்ட் 19

ஹைலக்ஸ் வைத்திருக்கும் கிளிநொச்சி அன்பருக்கு: வழக்கமாக இரண்டு சில்லில் ஓடி, வேண்டும்போது மட்டும் நான்கு சில்லுக்கு மாற்றும் பிக்கப்புகளில் நடு டிபரன்ஷலே கிடையாது. முன் அச்சைச் சேர்த்தவுடன் இரண்டு அச்சுகளும் இறுக்கமாகவே இணைந்துவிடும். நீங்கள் கேட்கும் பூட்டு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. உங்களுக்குப் பயன்படக்கூடியது பின் அச்சின் பூட்டு. அது வேறு வேலை.

2024 செப்டெம்பர் 1

குமிழைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்து நாலு ஆண்டாக அசையாமல் இருந்த தண்டு. முதலில் அது இடங்கொடுக்கவில்லை. துரு இளக்கும் ஒயிலை விட்டு இரவு முழுவதும் ஊறவிட்டு, அடுத்த நாள் ஸ்பானரைப் பிடித்து இரு பக்கமும் மெல்ல மெல்ல அசைத்தபோது இளகியது. பலத்தைப் போட்டு ஒரே திசையில் முறுக்கக் கூடாது. தண்டின் தலை மெல்லியது, முறிந்தால் உறையையே கழற்ற வேண்டிவரும்.

இளகிய பிறகும் அது பாதி வழியில் நிற்பதுண்டு. அது இறுக்கமன்று. வளையத்தின் பற்களும் கூட்டின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன என்பதே பொருள். ஒருவர் குமிழில் மெல்லிய அழுத்தம் கொடுத்துக்கொண்டிருக்க, மற்றவர் வாகனத்தைக் கையளவு முன்னும் பின்னும் தள்ளினால் "டக்" என்று விழும்.

விழுந்ததா என்பதை ஊகத்துக்கு விட வேண்டாம். பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, பிரதான கியரை நியூட்ரலில் விட்டு, முன் சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் உயர்த்துங்கள். இந்த வாகனத்தின் கைப் பிரேக் சில்லுகளில் இல்லை. ரான்ஸ்பர் பெட்டியின் பின் வெளியீட்டில் இருக்கிறது. பூட்டு திறந்திருந்தால் உயர்த்திய சில்லு கையால் திரும்பும். பூட்டு விழுந்திருந்தால் முன் வெளியீடும் பின் வெளியீடும் ஒன்றாகிவிடுவதால் அந்தச் சில்லு சிறு தளர்ச்சிக்கு மேல் அசையாது. ஐந்து நிமிட வேலை. லீவர் வாங்கப் பணம் செலவழிக்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

2024 செப்டெம்பர் 2

ஸ்பானரால் திருப்பிவிட்டு அப்படியே ஓட்டினால் என்ன, லீவர் எதற்கு என்று கேட்டவருக்கு: வருடத்தில் ஓரிரு முறை மணலுக்குப் போகிறவர் என்றால் அது முற்றிலும் நியாயமான வழி. மணல் தொடங்குமிடத்தில் நிறுத்தி, கீழே படுத்து, பூட்டிக்கொண்டு போகலாம். தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் படுத்துத் திறக்க வேண்டும். இந்த இரண்டாவதை மறப்பவர்களுக்காகவே லீவர் வேண்டும் என்கிறேன். அத்தோடு, சூடேறிய புகைபோக்கிக்கு அருகே கையை நுழைக்கும் வேலை இது.

2024 செப்டெம்பர் 15

லீவர் பொருத்தி முடிந்தது. விரிவாக எழுதுகிறேன், யாழ்ப்பாணத்தில் இதைச் செய்ய நினைப்பவருக்கு உதவக்கூடியது இந்தப் பகுதிதான்.

இரண்டாம் டிஸ்கவரியில் வழக்கமான ஓட்டத்துக்கான உயர் நிலைக்கும், மெதுவாகப் பலமாக இழுப்பதற்கான தாழ் நிலைக்கும் மாற்ற ஏற்கெனவே ஒரு சிறு லீவர் உண்டு. அது முன்னும் பின்னும் மட்டும் போகும். முதலாம் டிஸ்கவரியின் லீவரோ முன் பின்னாக நிலைமாற்றுவதோடு, பக்கவாட்டில் தள்ளினால் பூட்டையும் இயக்கும். எனவே வழி இரண்டு: பழைய லீவர்க் கூட்டத்தை முழுதாகக் கொண்டுவந்து பொருத்துவது, அல்லது இருக்கும் லீவரைத் தொடாமல், பூட்டுக்கு மட்டும் தனிக் கைப்பிடியும் கேபிளும் வைப்பது.

நான் முதலாவதைத் தேர்ந்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் விற்கும் கடையொன்றில் முதலாம் டிஸ்கவரியின் லீவர்க் கூட்டம் கிடைத்தது. வாங்கும்போது லீவரை மட்டும் பார்க்காமல், குமிழில் மாட்டும் சிறு கைத்துண்டையும், இணைப்புத் தண்டையும், அவற்றின் கிளிப்புகளையும் பிளாஸ்ரிக் புஷ்களையும் சேர்த்துக் கேளுங்கள். தனியே தேடினால் இந்தச் சிறு சாமான்களுக்குத்தான் அலைச்சல்.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தபோது தண்டின் வளைவு பொருந்தவில்லை. இரண்டு வாகனங்களிலும் பெட்டி ஒரே குடும்பமாக இருந்தாலும் லீவர் உட்காரும் இடம் வேறு. கோண்டாவிலில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், உழவு இயந்திரப் பாகங்களையே வாழ்நாள் முழுவதும் செய்தவர், தண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, அதை வளைக்க வேண்டாம், வெட்டி நடுவே இரு பக்கமும் மரை உள்ள இணைப்பான் போடுவோம் என்றார். அந்த யோசனைதான் வேலையைக் காப்பாற்றியது. வளைத்திருந்தால் நீளம் ஒரே அளவில் நின்றுவிடும். மரை இருப்பதால் பூட்டும் நிலையிலும் திறந்த நிலையிலும் கை முழுத் தூரம் போகிறதா என்று பார்த்து நீளத்தைச் சரிசெய்ய முடிந்தது. பாதி கோத்த பற்களோடு ஓடினால் பற்களின் முனை உருண்டுவிடும். ஆகவே இந்த அளவைப் பொறுமையாக எடுக்க வேண்டும்.

நடுக் கொன்சோலைக் கழற்றாமல் இந்த வேலை ஆகாது. கழற்றிய கையோடு, தரைத் தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள ரப்பர் மூடியையும் பாருங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் அது வெடித்திருந்தால் தூசியும் சூடும் உள்ளே வரும்.

கேபிள் வழியை எடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன். பொருத்த எளிது, பார்வைக்கும் சுத்தம். ஆனால் கடலோரத்தில் ஓடும் வாகனத்துக்குக் கேபிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைக்குள் உப்பு ஈரம் புகுந்தால் ஒரு மாரியிலேயே இறுகிவிடும். வெளியே தெரியும் தண்டில் கிறீஸ் தடவலாம், துருவைத் தேய்க்கலாம்; கேபிளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

முதல் ரேஞ்ச் ரோவரில் இருந்ததுபோல் வெற்றிட விசையால் இயக்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். இயக்கலாம். ஆனால் நம் வாகனத்தில் வெற்றிடம் வருவது பிரேக்கின் உதவிக்கான அதே குழாயிலிருந்துதான். அந்தக் குழாயில் துளை போட்டுக் கிளை எடுப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

2024 செப்டெம்பர் 22

காணிக்குப் போய் வந்தாயிற்று. வழக்கமாகத் திணறும் இடம் ஒன்று உண்டு: மீனவர் வாடிகளைத் தாண்டியதும், கரைவலை இழுக்கும் உழவு இயந்திரங்கள் போய்ப் போய் ஆழமாக உழுதுவிட்ட இரட்டைத் தடம். நடு மேடு உயரம், தடத்தின் அடி பொருபொருப்பு. முன்பெல்லாம் அங்கே முன் சில்லுகள் சுழலத் தொடங்கும். இழுவைக் கட்டுப்பாட்டின் விளக்கு எரியும். பிரேக் கடகடவென்று பிடித்துவிடும் ஒலி கேட்கும். வாகனம் விக்கி விக்கி நகர்ந்து சில வேளை ஏறும், சில வேளை அடித்தட்டு மணலில் குந்திவிடும். பூட்டோடு போனபோது அந்த ஒலியே பெரும்பாலும் எழவில்லை. தாழ் நிலையில் இரண்டாம் கியர், மிதமான ஒரே வேகம். வண்டி இழுத்துக்கொண்டு போயிற்று.

விலகி வேறு தடம் எடுக்கலாமே என்று தெற்கிலிருந்து எழுதுபவர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். முகமாலையையும் அதற்குக் கிழக்கேயுள்ள நிலங்களையும் அறிந்தவர்களுக்கு, பழகிய தடத்தை விட்டு இறங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும். கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்த மண் இது. இருக்கும் தடத்திலேயே போய், அதிலேயே திரும்பி வர வேண்டும் என்பதால்தான் அந்தத் தடத்தில் வாகனம் நில்லாமல் போவதை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறேன்.

2024 செப்டெம்பர் 23

நேற்று எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டுக்கே எல்லாப் புகழும் போய்விடும். ரயர்களின் காற்றை 18 பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிய பிறகுதான் மணலில் இறங்கினேன். முதலில் எழுதிய வாசகர் ஓட்டுபவரின் குறை என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது: வீதிக் காற்றோடு மணலில் இறங்குபவருக்குப் பூட்டும் உதவாது, வேறெதுவும் உதவாது. காற்றை இறக்கினால் ரயர் நீளவாக்கில் படிந்து மணலை வெட்டாமல் மிதித்துப் போகும். செலவில்லாத வேலை அது. முதலில் அதைச் செய்யுங்கள். வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்புவதற்கு ஒரு சிறு கொம்பிரசர் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

2024 ஒக்டோபர் 6

ரொயோட்டாவின் 80 வரிசை லாண்ட் குரூசரைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். நிரந்தர நான்கு சில்லு இயக்கம் கொண்ட 80இல் பூட்டு தொழிற்சாலையிலேயே உண்டு, மின்மோட்டரால் இயங்கும். தாழ் நிலைக்கு மாற்றியவுடன் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். சில நாடுகளுக்கு அனுப்பிய வாகனங்களில் உயர் நிலையில் பூட்டுவதற்கான சுவிட்ச் மட்டும் டாஷ்போர்டில் இல்லை. அந்த இடத்தில் வெற்று மூடி இருக்கும். பெரும்பாலானவற்றில் மூடியின் பின்னே வயரும் இணைப்பியும் காத்திருக்கின்றன. உரிய சுவிட்சை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

இன்னொரு மாற்றமும் பரவலாகச் செய்யப்படுகிறது: பூட்டைக் கட்டுப்படுத்தும் ரிலேயின் 7ஆம் முனையைத் துண்டித்துவிட்டால், தாழ் நிலையில் தானாகப் பூட்டுவது நின்று, எல்லா நிலையிலும் சுவிட்சே தீர்மானிக்கும். படகு ஏற்றிய ரெயிலரை இறங்குதுறைக் கொங்கிரீற்றில் தாழ் நிலையில் திருப்புபவருக்கு அது நன்மை. சுவிட்ச் வைக்காமல் முனையை மட்டும் துண்டித்தால் பூட்டே இல்லாமற் போய்விடும். இந்த வாகனத்தில் பூட்டு விழும்போது, பிரேக்கில் சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். ஓய்ந்துவிடும் என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

2024 ஒக்டோபர் 20

தார் வீதியில் பூட்டோடு ஓடுவதைப் பற்றி எச்சரிக்கையாக ஒரு குறிப்பு வேண்டும். வாகனம் திரும்பும்போது முன் சில்லுகள் வெளிவட்டத்திலும் பின் சில்லுகள் உள்வட்டத்திலும் போகின்றன. முன் அச்சு அதிக தூரம் ஓட வேண்டும். மணலிலும் சேற்றிலும் சில்லு சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. வேறுபாடு முழுவதும் தண்டுகளிலும் பற்களிலும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். வண்டி பாரமாகும், ஸ்ரியரிங் திரும்பிய நிலையில் விறைக்கும், பிறகு லீவரைத் திறக்கும் பக்கம் தள்ளினாலும் உள்ளே வளையம் விடாது. அப்போது லீவரோடு மல்லுக்கட்டாமல் சில மீற்றர் நேராகப் பின்னால் எடுங்கள். முறுக்கு அவிழ்ந்ததும் அது தானே விடும்.

இதனால்தான் எச்சரிக்கை விளக்கை விட்டுவிட்டு லீவரை மட்டும் பொருத்துவதை நான் ஏற்பதில்லை. லீவர் திறந்த பக்கம் நின்றாலும் வளையம் இன்னும் கோத்திருக்கலாம். லீவர் சொல்வது நம் விருப்பத்தை. உள்ளே உண்மையில் என்ன நிலை என்பதை உறையில் பொருத்தும் அழுத்து சுவிட்ச்தான் சொல்லும். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து, டாஷ்போர்டில் கண்ணுக்கு நேரே ஒரு மஞ்சள் விளக்கு வைத்திருக்கிறேன். என் மனைவியும் மகனும் இதே வாகனத்தை ஓட்டுகிறார்கள். விளக்கு எரியும்போது வல்லை வெளித் தார் வீதியில் வேகம் எடுக்கக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான்கு ரயர்களும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. முன்னே புதியதும் பின்னே மொட்டையுமாக இருந்தால் நேராக ஓடும்போதே முறுக்குச் சேரும்.

2024 நவம்பர் 3

கைப் பிரேக் பற்றிச் செப்டெம்பரில் போகிற போக்கில் எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டு, அப்படியானால் ரயர் மாற்றும்போது ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறார். மிக அவசியமான கேள்வி. ஆபத்து உண்டு. பின் சில்லு ஒன்றை உயர்த்தினால், கைப் பிரேக் பிடித்திருப்பது பின் புரொப்பெல்லர் சாஃப்ட்டைத்தான். உயர்ந்த சில்லு பின்பக்கமாகச் சுழல, தரையில் உள்ள மற்றப் பின் சில்லு உருளலாம். வாகனம் ஜக்கிலிருந்து இறங்கிவிடும். நடுப் பூட்டு விழுந்திருந்தால் அதே கைப் பிரேக் முன் சாஃப்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும்; தரையில் நிற்கும் இரண்டு முன் சில்லுகளும் உருளாது. டிஸ்கவரிக்கும் டிபெண்டருக்கும் கீழே படுத்து வேலை செய்யும் கராச் நண்பர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். பூட்டு இருந்தாலும் சில்லுக்குக் கட்டை வையுங்கள்.

எனக்கு இந்தப் பயன் ஒன்றே இந்தச் செலவை நியாயப்படுத்தியிருக்கும்.

2024 டிசம்பர் 8

மாரி வந்துவிட்டது. நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெங்கல் புயலான தாழமுக்கம் கொட்டிய மழையில் குடாநாட்டின் தாழ்வான வழிகள் எல்லாம் நீருக்குள் போயின. கோடையில் பொருபொருத்த அதே மணல் நனைந்ததும் இறுகி, இப்போது பூட்டில்லாமலே போகக்கூடியதாக இருக்கிறது. சிக்கல் வயல் பக்கத்துக்கு மாறிவிட்டது.

களிமண்ணில் ஓட்டியபோது இரண்டு விடயங்கள் தெளிவாகின. முதலாவது, பூட்டு விழுந்த வாகனம் வழுக்கும் சேற்றில் திரும்ப மறுக்கிறது. ஸ்ரியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். ஒரு பக்கம் வாய்க்கால் உள்ள வரம்பு வழியில் இது பொல்லாதது. வளைவுக்கு முன் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். இடம் இருந்தால் வளைவுக்கு மட்டும் பூட்டைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, ஓகஸ்டில் கூற்றை எழுதிய வாசகருக்கு நான் கொடுக்க வேண்டிய நியாயம். வண்டியின் இடப் பக்கம் முழுவதும் குழைசேற்றிலும் வலப் பக்கம் வரம்பின் இறுகிய மண்ணிலும் நின்றபோது நடுப் பூட்டினால் பெரிய பயன் இல்லை. முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒவ்வொரு இடச் சில்லு சுழலும். இரண்டு அச்சுகளையும் இணைத்து என்ன ஆகும்? அங்கே என்னை வெளியே கொண்டுவந்தது இழுவைக் கட்டுப்பாடுதான். பூட்டு முன்னையும் பின்னையும் இணைக்கிறது. இழுவைக் கட்டுப்பாடு இடத்துக்கும் வலத்துக்கும் இடையே வேலை செய்கிறது. பூட்டு விழுந்திருக்கும்போதும் அது தொடர்ந்து இயங்குகிறது. அதன் சுமை குறைந்துவிடுவதால் பிரேக்கும் முன்போல் சூடாவதில்லை. ஆகவே ஒன்று இருப்பதால் மற்றது வீண் என்ற வாதம் இரு பக்கமும் பொருந்தாது. இழுவைக் கட்டுப்பாட்டின் விளக்கு எப்போதும் எரிகிறது, பழுது பார்க்காமல் பூட்டை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவரும் முதலில் அதன் சென்சரைப் பார்க்கட்டும்.

2024 டிசம்பர் 9

முன் புரொப்பெல்லர் சாஃப்ட் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் எழுத வேண்டும். இரண்டாம் டிஸ்கவரியின் முன் சாஃப்ட்டில் ரான்ஸ்பர் பெட்டிப் பக்கம் உள்ள இரட்டை மூட்டுக்குத் தொழிற்சாலை கிறீஸ் நிப்பிள் வைக்கவில்லை. அது காய்ந்து உடைந்தால் சுழலும் சாஃப்ட் விசிறியடித்துக் கியர்பெட்டியின் உறையையே பிளக்கக்கூடும். சீரான வேகத்தில் கிறீச்சொலியோ அதிர்வோ கேட்டால் அன்றே நிறுத்திச் சாஃப்ட்டைக் கழற்றிவிட வேண்டும்.

பூட்டு இல்லாத வாகனத்தில் முன் சாஃப்ட்டைக் கழற்றினால் வாகனம் நகராது. விசை முழுவதும் வெறுமையாக இருக்கும் முன் வெளியீட்டிலேயே சுழன்று போகும். பூட்டு இருந்தால் அதைப் போட்டு, பின் அச்சை மட்டும் கொண்டு நிதானமாக வீட்டுக்கு வரலாம். ஏ9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே இரவில் நிற்பவருக்கு இதன் அருமை புரியும்.

2025 பெப்ரவரி 9

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி இந்த மாதம் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. இனியும் பழைய வண்டிக்குச் செலவு செய்ய வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதியவற்றின் விலையை அவரே விசாரித்துப் பார்க்கட்டும். குமிழ் உள்ள பெட்டி என்றால் லீவரும் தண்டும் விளக்கும் மட்டுமே செலவு; தயங்க ஒன்றுமில்லை. குமிழ் இல்லாத பெட்டி என்றால் என் அறிவுரை மாறும்: உறையை மாற்றுவதற்கென்றே பெட்டியைத் திறக்காதீர்கள். சீல் ஒழுகியோ பெயரிங் இரைந்தோ பெட்டியைக் கழற்றும் நாள் ஒன்று வரும். அதுவரை உறையை வாங்கி வைத்துக் காத்திருங்கள்.

என் பெட்டியில் குமிழ்த் தண்டைச் சுற்றி மெல்லிய ஒயில் கசிவு தொடங்கியிருந்தது. பல ஆண்டு அசையாதிருந்த தண்டை அசைத்தால் அதன் ஓ வளையம் (ரப்பர் சீல்) கசிவது எதிர்பார்க்க வேண்டியதே. மாற்றிவிட்டேன். வெறும் பெட்டியை நிரப்ப 2.3 லீற்றர் ஒயில் கொள்ளும். பக்கவாட்டு நிரப்புத் துளையின் விளிம்பு வரை வந்ததும் நிறுத்த வேண்டும். லீவர் பொருத்துபவர்கள் அந்த வளையத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்து, கை படும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். கொன்சோல் மூடப்பட்ட பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.